சொன்னதை மட்டும் எழுதியவள்

மூன்று முறை கேட்காமல் அவள் ஒரு வரிகூட எழுதமாட்டாள். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இரண்டாவது முறை பேசுகிறவனின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது முறை போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, பக்கத்தில் யாராவது பேசினால் கையை மட்டும் தூக்கி நிறுத்தச் சொல்வாள். அதற்குப் பிறகும் ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தில் 'இங்கே சரியாகக் கேட்கவில்லை' என்று எழுதிவிடுவாள்.

"எதையாவது போட்டு நிரப்பேன்டீ, யாருக்குத் தெரியப்போவுது?" என்பேன்.

"எனக்குத் தெரியுமே" என்பாள்.

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரி. விடுதியில் நாங்கள் ஒருவரை ஒருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவோம். நான் பாபநாசம். அவள் நன்னிலம். அவளுடைய அறை என் அறைக்கு அடுத்தது, மூன்று கட்டில். ஒன்று அவளுக்கு, மற்ற இரண்டும் குடவாசலிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த இரண்டு பெண்களுக்கு. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை போனைக் கையில் தருவார்கள். அந்த மூன்று மணி நேரத்தை எதிர்பார்த்துக்கொண்டுதான் பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருப்போம்.

எங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு கொரியப் பாட்டுக் குழு. ஐந்து பையன்கள். ஐந்து பேரில் இரண்டு பேரை நாங்கள் ஜோடியாக்கி வைத்திருந்தோம். நாங்கள் என்றால் நாங்கள் மட்டுமில்லை, உலகம் முழுக்க இருந்த ரசிகைகள். ஒருவன் உயரம், பேசமாட்டான். இன்னொருவன் குள்ளம், சிரித்துக்கொண்டே இருப்பான். மேடையில் குள்ளமானவன் உயரமானவனின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிடுவான். பேட்டியில் உட்கார்ந்திருக்கும்போது தோளில் சாய்ந்துகொள்வான். ஒரே ஐஸ்க்ரீமை மாறி மாறிக் கடிப்பார்கள். அதைப் பார்த்து எங்கள் சாப்பாட்டுக் கூடம் அலறும். இது ரசிகைகளுக்காகவே கம்பெனி சொல்லிச் செய்யவைப்பது, இதற்கு ஃபேன்சர்வீஸ் என்று ஒரு பெயரே இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் அலறுவோம்.

அவளை நான் முதலில் கவனித்தது அப்படி ஓர் அலறலுக்கு நடுவில்தான். மேடையில் ஆடிக்கொண்டிருந்த உயரமானவன், சட்டென்று குள்ளமானவனின் இடுப்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். மைக்கில் லேசாக விழுந்தது. பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி நின்று ஒரே சமயத்தில் கத்தினோம். "ஐ லவ் யூ சொல்றான்டீ!" என்று ஒருத்தி மேசையில் தட்டினாள். மூலையில் தட்டைக் கழுவப் போய்க்கொண்டிருந்த நன்னிலம் நின்றாள்.

"மறுபடி போடு" என்றாள்.

போட்டோம். இன்னும் இரண்டு முறை போடச் சொன்னாள். பிறகு, "கால்கிட்ட ஒயரு கெடக்குது, பாத்து ஆடுங்கறான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

கோபத்தில் இரண்டு பேர் அவளுடன் ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு மட்டும் ஆச்சரியம். ஊரடங்கில் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, அப்பாவின் போனையும் ஒரு நீள நோட்டையும் வைத்துக்கொண்டு தானாகவே அந்த மொழியைப் படித்திருக்கிறாள். கொரியாவிலும் அம்மா அப்பா என்றுதான் சொல்கிறார்களாமே, அவர்களும் நாமும் ஒரே இனமாமே என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பாள். "கேக்கறதுக்கு ஒண்ணா இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்பாள்.

இணையத்தில் எனக்கு ஒரு பேஜ் இருந்தது. அந்தக் குழுவின் வீடியோக்களை வெட்டி, ஒட்டி, மெதுவாக ஓடவிட்டுப் போடுவேன். அவர்கள் பேசுவதைப் படத்துக்குக் கீழே தமிழில் வரியாக எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அவளைக் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டேன். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "படம் உன்னோடது, நீ என்ன வேணா பண்ணிக்க. எழுத்து என்னோடது, அதுல கை வெக்கக்கூடாது."

பேஜ் ஏறியது. பாண்டிச்சேரி, ஈழம், மலேசியா என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நான் அந்த இரண்டு பேர் மேலும் இதயமாகப் பறக்கவிடுவேன். கீழே அவள் எழுதியிருப்பாள்: 'மதியம் என்ன சாப்பாடு?' 'நூடுல்ஸ்.' மேலே படம் ஒன்று சொல்லும், கீழே எழுத்து வேறொன்று சொல்லும். ஒரு பேட்டியில் குள்ளமானவன், "இப்படி உட்காரச் சொன்னாங்க, அதான் உட்கார்ந்திருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள். எழுத்தில் நான் கை வைக்கவில்லை. அந்த நொடியைப் படத்திலிருந்தே வெட்டி எடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள். அடுத்த வீடியோவுக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள். நான் வாக்குக் கொடுத்தது எழுத்துக்கு மட்டும்தான் என்பது அவள் கணக்கு.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வரவில்லை என்பது நிச்சயம். ஒரு பொங்கல் லீவில் அவள் ஊருக்குப் போயிருந்தேன். குத்தகை நிலம், சம்பா கதிர் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா வரப்பில் நின்றபடியே மகளைப் பற்றி என்னிடம் பிராது சொன்னார்.

"வாய்க்கால பாக்க ஆபீசர் வந்தாரும்மா. பத்து வருசமாத் தூர்வாரல ஐயான்னு நான் சொல்றேன். இவ பின்னால நின்னுகிட்டு, இல்லப்பா அஞ்சு வருசந்தான், நான் எட்டாவது படிக்கறப்ப மெஷின் வந்துச்சுங்கறா. ஆபீசர் சிரிச்சுட்டாரு. ஊரே என்னைய மொறைக்குது."

"அஞ்சு வருசமாத் தூர்வாரலங்கறதே தப்புதானேப்பா? அதைச் சொன்னாப் போதாதா?" என்றாள்.

"போதாதுடீ. பத்துன்னாத்தான் அவங்க காதுல விழும்."

"விழுந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அந்த வருஷமும் யாரும் தூர்வார வரவில்லை.

அவளுடைய அறைத் தோழிகள் இரண்டு பேரைப் பற்றி இப்போது சொல்லியாகவேண்டும். குடவாசல் பெண் விலங்கியல் படித்தாள். உரக்கச் சிரிப்பாள், யாருக்கும் அஞ்சமாட்டாள். நாகப்பட்டினத்துப் பெண் மீன்பிடிக் குடும்பம். சாதுவானவள், எல்லாவற்றுக்கும் குடவாசல் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். துணி காயப்போடும் மாடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். போனில் இரண்டு பையன்கள் சாய்ந்து உட்கார்ந்தால் உருகிப்போன அதே பெண்கள், மாடியில் இந்த இரண்டு பேரைப் பார்த்தால் துணியை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். "ச்சீ, அதுங்க ரெண்டும்..." என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். போனில் இருப்பது பாட்டு. மாடியில் இருப்பது நம்ம ஊர்ப் பெண்கள். இரண்டும் ஒன்று என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை நன்னிலத்திடம் கேட்டேன். "ஒரே ரூம்ல இருக்கியே, உனக்குச் சங்கடமா இல்லையாடீ?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வாள். "மொதல்ல இருந்துச்சு. அப்புறம் இல்ல."

"தப்புன்னு தோணலையா?"

"அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. தெரியாததைத் தப்புன்னும் சொல்ல முடியாது, சரின்னும் சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கஞ்சி வாங்கிட்டு வந்தாங்க. அது தெரியும்."

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்தக் குள்ளமான பாடகன் ஒருநாள் நேரலையில் வந்தான். குழுவை விட்டு விலகியிருந்தான். அலங்காரம் எதுவும் இல்லை. சமையலறை மாதிரி ஓர் இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். பேச ஆரம்பிப்பான், நிறுத்துவான், கண்ணைத் துடைப்பான், தண்ணீர் குடிப்பான். நாங்கள் வழக்கம்போலக் கூட்டமாக நின்று பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நன்னிலம் மட்டும் வாயில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அவன் ஒருத்தரோட வாழறானாம். அவரு ஆம்பள. ரொம்ப வருசமா மறைச்சுட்டேன், இனிமே முடியலங்கறான்."

"அந்த உயரமானவனா?" என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

"இல்ல. பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ."

அந்த வார வீடியோவுக்காகப் பேஜில் எல்லோரும் காத்திருந்தார்கள். "ஆம்பளன்னு எழுத வேண்டாம்டீ. பிரியமான நண்பர்னு போடு. வீட்ல எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த ஒரு வரியச் சொல்றதுக்கு அவன் ஏழு நிமிசம் எடுத்துகிட்டான். ரெண்டு தடவ தண்ணி குடிச்சான். நீ அதை நண்பர்னு மாத்தச் சொல்ற."

"அவனுக்குத் தமிழ் தெரியப்போவுதா?"

"அதனாலதான் மாத்தக்கூடாது."

அவள் எழுதியபடியே போட்டேன். ஒரு மணி நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக அந்த ஜோடிக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்த அதே பெண்கள் எழுதினார்கள். 'அருவருப்பாக இருக்கிறது.' 'நாங்கள் விளையாட்டுக்குத்தானே சொன்னோம், இவன் நிஜமாகவே இப்படியா?' 'தமிழ்ப் பேஜில் இதையெல்லாம் ஏன் போடுகிறீர்கள்?' மேடையில் ஒருவனை ஒருவன் கட்டிப்பிடித்ததை நூறு முறை திருப்பிப் பார்த்தவர்களுக்கு, சமையலறையில் தனியாக உட்கார்ந்து ஒருவன் அழுவது பொறுக்கவில்லை. மறுநாள் வீடியோவை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஆனால் அதற்குள் முதலாண்டுப் பெண் ஒருத்தியின் அப்பா, மகளின் போனில் அதைப் பார்த்துவிட்டிருந்தார். கல்லூரிக்கு வந்து சத்தம் போட்டார். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதைத் தமிழில் எழுதிப் போடுகிற பெண்கள் இந்த விடுதியில் இருக்கிறார்களாமே என்று கேட்டார். அன்று மத்தியானம் வார்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த அறை இன்னும் கண்ணில் இருக்கிறது. மேசையில் என் போன், பேஜ் திறந்தபடி. வார்டன் கடுமையானவர் இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. மெதுவாகத்தான் கேட்டார்.

"இதெல்லாம் நீ போடறதுதானா?"

"ஆமா மேடம்."

"உனக்கு இந்த மாதிரி... எண்ணம் உண்டா?"

"ஐயோ, இல்ல மேடம்! இது சும்மா பாட்டுக்காக. விளையாட்டு மேடம். நெஜத்துல அதெல்லாம் அசிங்கம்னு எனக்குத் தெரியும் மேடம்."

"அப்ப விடுதியில வேற யாருக்கு உண்டு? உங்க பக்கத்து ரூம் ரெண்டு பேரப் பத்திப் பேச்சு அடிபடுதே. நீ ஏதாவது பாத்தியா?"

நான் எதையும் பார்த்ததில்லை. மாடியில் உட்கார்ந்திருந்ததைத் தவிர, ஒரே தட்டில் சாப்பிட்டதைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஆனால் என் போன் அவர் கையில் இருந்தது. என் அப்பாவின் நம்பர் அவர் முன்னால் இருந்த பதிவேட்டில் இருந்தது. அந்தக் கேள்விக்குள் எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. நான் அதன் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

"பாத்திருக்கேன் மேடம். அவங்க அப்படித்தான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குப் பிறகு நன்னிலத்தைக் கூப்பிட்டார்கள். நான் வராண்டாவிலேயே நின்றிருந்தேன். கதவு சாத்தவில்லை, பேசுவது கேட்டது. நான் அவள் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அவளே சொன்னாள்.

"எழுத்து என்னோடது மேடம். அந்த வரிய எழுதினது நான்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். உன் ரூம்ல இருக்கற ரெண்டு பேர்கிட்ட ஏதாவது தப்பா பாத்தியா?"

அவள் வழக்கம்போல யோசித்தாள். அந்த இடைவெளியில் நான் கதவுக்கு இன்னும் கிட்டப் போனேன். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படி அவள் சொல்லியிருந்தால் நான் சொன்னதும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும்.

"தப்பா எதுவும் பாக்கல மேடம். பாத்தது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா ஏதோ பாத்திருக்கே."

"ஒரே ரூம்ல மூணு வருசம் இருக்கேன் மேடம். அவங்க என்னையும் எவ்வளவோ பாத்திருப்பாங்க. அவங்களப் பத்திக் கேக்கணும்னா அவங்களத்தான் கேக்கணும்."

பொய் சொல்ல அவளுக்கு வராது. காப்பாற்றுவதற்காகக்கூட வராது. இதற்காக அவள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. என் மேல் படவேண்டிய கோபத்தை வைக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

மறுநாள் குடவாசல் பெண்ணின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். அவ்வளவு உரக்கச் சிரிக்கிற பெண் அன்று தலையைக் குனிந்து நடந்ததை மாடியிலிருந்து எல்லோரும் பார்த்தோம். பரீட்சைக்குக்கூட அவளை அனுப்பவில்லை. நாகப்பட்டினத்துப் பெண்ணை வேறு மாடிக்கு மாற்றினார்கள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வார்டனுக்கு அடங்கிப் பேசவில்லை என்று நன்னிலத்தையும் விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மீதி நாலு மாதமும் நன்னிலத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கும்பகோணத்தில் மாறி வந்துபோனாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாள் கழித்து, கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அவள் என்னிடம் வந்தாள். காலை நேரம். பையில் தூக்குச்சட்டி. "என்னை அனுப்பறப்ப மேடம் சொன்னாங்க, உன் ஃப்ரெண்டே பாத்தேன்னு சொல்லிட்டா, நீ எதுக்கு அடம்புடிக்கிறன்னு. நீ என்ன பாத்த?" என்று கேட்டாள்.

கோபமே இல்லை அந்தக் குரலில். புரியாத ஒரு சொல்லை மறுபடி போடச் சொல்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே பாக்கலடீ."

தலையை ஆட்டினாள். "சரி" என்றாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சாலையைக் கடந்து போனாள். அழுவாள், திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். அந்த 'சரி'க்குத் தயாராக இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசாமல் இல்லை. நோட்டு கேட்டால் கொடுத்தாள், மணி கேட்டால் சொன்னாள். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பேஜை நான் மூடிவிட்டேன்.

இப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். போன வருஷம், வகுப்பில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பற்றி என்னிடம் புகார் சொல்ல வந்தாள். "டீச்சர், அவ ஒரு மாதிரி டீச்சர்" என்றாள். "நீ என்ன பாத்த?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அந்தப் பெண் விழித்துக்கொண்டு நின்றாள். அவளைப் போகச் சொல்லிவிட்டு ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தேன்.

அந்த வாரமே நன்னிலத்துக்குப் போனேன். அவளுடைய அப்பா இன்னும் அதே குத்தகை நிலத்தில்தான் பாடுபடுகிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாம்மா, வா" என்றார். மகள் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாளாம். "அந்த ஊரு மேனேஜரு திட்டுனா, திட்டுனதை அப்படியே தமிழ்ல சொல்லிடறாளாம். நம்ம ஆளுங்க திருப்பித் திட்டுனா அதையும் அப்படியே அந்தாளுகிட்ட சொல்லிடறாளாம். மொதல்ல ரெண்டு பக்கமும் இவ மேல பாஞ்சாங்க. இப்ப இவ இல்லாம ரெண்டு பேரும் பேச மாட்டேங்கறாங்களாம்." சொல்லும்போது அவருக்குப் பெருமையை மறைக்கத் தெரியவில்லை. நம்பர் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "சொல்லு" என்றாள். அழுதேன். அன்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்றேன்.

"எனக்கு நீ ஒண்ணும் பண்ணலையே. நாலு மாசம் பஸ்ல வந்தேன், அவ்வளவுதான். நீ கேக்க வேண்டியது குடவாசல்கிட்ட. கோயம்புத்தூர்ல ஒரு லேப்ல வேலை பாக்கறா. நம்பர் இருக்கு. வேணுமா?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?"

"இல்ல. என் போனை எடுக்க மாட்டா."

"ஏன்?"

"அதை அவதான் சொல்லணும்."

நம்பரை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருக்கிறாளா என்று கேட்டேன். "இருக்கேன்" என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று முன்பே வாக்கியத்தை எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தேன். "வார்டன்கிட்ட உங்க ரெண்டு பேரப் பத்திச் சொன்னது நான். எதையும் பாக்காமலே, பாத்தேன்னு சொன்னேன். என்னைக் காப்பாத்திக்கறதுக்காகச் சொன்னேன்."

"நீயா?"

"நான்தான்."

"அவ இல்லையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு?"

"நன்னிலம். எங்க ரூம்ல இருந்தது அவதானே. எங்களப் பாத்தது அவ ஒருத்திதான். வேற யாரு சொல்லியிருப்பா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்கப்பா என்னைய வீட்ல பூட்டி வெச்சிருந்தப்ப, அவ எங்க ஊருக்கு வந்தா. என் சர்டிபிகேட், நோட்டு எல்லாத்தையும் எடுத்துகிட்டு பஸ் ஏறி வந்தா. ஜன்னல் வழியா நின்னு, நான் சொல்லலடீன்னா. அப்ப யாரு சொன்னான்னு கேட்டேன். தெரியும், ஆனா அது அவ சொல்ல வேண்டியது, நான் சொல்லமாட்டேன்னா. அதைக் கேட்டதும் இவதான்னு முடிவே பண்ணிட்டேன். நல்லாத் திட்டினேன். வாயில வராத வார்த்தையெல்லாம் சொன்னேன். எங்கம்மா வெளக்கமாத்த எடுத்துகிட்டு வந்தாங்க. அப்புறம் நாலு தடவையாவது போன் பண்ணியிருப்பா. அவ நம்பரை பிளாக் பண்ணிட்டேன்."

என் பெயரை ஒரு சொல்லில் சொல்லியிருந்தால் நன்னிலம் தப்பித்திருப்பாள். அன்று நான் தப்பித்த மாதிரி. இத்தனை வருஷமும் சொல்லவில்லை.

குடவாசல் பெண் என்னை மன்னிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "நாகப்பட்டினத்துக்காரிக்கு ரெண்டு குழந்தை. ஒரு தடவை ஆஸ்பத்திரியில பாத்தேன். என்னைத் தெரியாத மாதிரியே போயிட்டா. அதுக்கு உன்னால என்ன பண்ண முடியும்? ஒண்ணும் முடியாது. நீ மறுபடி எனக்குப் போன் பண்ணாத" என்றாள். சரி என்றேன். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பிளாக் பண்ணின நம்பரை எப்படி எடுக்கறது?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே செய்தாள். கடைசியில் "வந்துடுச்சு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நன்னிலத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'குடவாசல் கூப்பிட்டாள். இரண்டு மணி நேரம் பேசினோம். முதல் அரை மணி நேரம் அவள் அழுதாள். உன்னைப் பற்றியும் பேசினோம்.'

என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.